75-ஆவது ரேங்க்கா? யாருப்பா அது?

கே.கே. நகரில் டென்னிஸ் பந்தைத் தொடாமல் வளர்ந்த பையன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டவனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சிவன் பார்க்கைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த மஞ்சள் பந்து பறந்துகொண்டே இருக்கும். ஆனால் அதை அடிப்பது கிரிக்கெட் மட்டை. காம்பவுண்டு தாண்டிப் போனால் அவுட், மாடி வீட்டு மாமி கத்தினால் ஆட்டம் குளோஸ். சாயங்காலம் ஆனால் சாக்பீஸில் கோடு போட்டு, இரண்டு மரத்துக்கு நடுவே வலை கட்டி ஷட்டில். டென்னிஸ் மட்டும் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை.

இத்தனைக்கும் தூரம் ஒன்றும் அதிகமில்லை. அசோக் பில்லரில் வண்டி ஏறி, கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டி, வள்ளுவர் கோட்டத்தைக் கடந்தால் நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். 1997 முதல் 2017 வரை வருஷம் தவறாமல் ஏடிபி போட்டி நடந்த இடம். 2008 இறுதிப் போட்டியில் நடாலையே யூஷ்னி 6-0, 6-1 என்று சுருட்டி அனுப்பியது அங்கேதான். வாவ்ரிங்கா நான்கு முறை கோப்பை தூக்கியதும் அங்கேதான். நமக்கு நடாலைத் தெரியும், வாவ்ரிங்காவைத் தெரியும். சரி, இப்போது ஒரு கேள்வி. சென்னையில் பிறந்து, உலகத் தரவரிசையில் 75-ஆவது இடத்துக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

கூகுள் பண்ணாதீங்க. நம் கேன்டீனில் நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு மேசைக்கு ஒருத்தருக்குத் தெரிந்தால் பெரிய விஷயம். பெயரைச் சொன்ன பிறகு வந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: “எழுபத்தஞ்சா? அவ்ளோதானா?”

கவுன்சிலிங்கில் ஒரு பையன் 75-ஆவது ரேங்க் வாங்கினால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ், கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் போட்டோ, சொந்தக்காரர்கள் வீட்டில் நமக்குத் திட்டு. அது ஒரு மாநிலத்தில், ஒரு வருஷத்தில், பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்களுக்குள் 75. நான் சொல்லும் 75, உலகத்தில் எந்த நாட்டிலும், எந்த வயதிலும் டென்னிஸைத் தொழிலாக ஆடும் அத்தனை ஆண்களுக்குள். அவர் பெயர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். 2019 ஏப்ரலில் அந்த இடத்தைத் தொட்டபோது அவருக்கு வயது 29.

அந்த 29 என்ற எண்ணில்தான் கதையே இருக்கிறது.

டென்னிஸ்காரர்களின் கதை என்றால் நமக்கு ஒரே ஒரு டெம்ப்ளேட்தான் தெரியும். மூன்று வயதில் அப்பா ராக்கெட் வாங்கிக் கொடுத்தார், பத்து வயதில் பெரியவர்களை ஜெயித்தான், பதினாறில் உலகமே திரும்பிப் பார்த்தது. அப்படி நடந்தும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றபோது 17 வயது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். பிறகு 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே ஜூனியர் விம்பிள்டனையும் ஜூனியர் பிரெஞ்சு ஓப்பனையும் சேர்த்தே வென்றார். இப்போதுகூட கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன், 15 வயதில், 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போனார். இந்த மாதிரிக் கதைகளைப் பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும், நமக்கும் பிடிக்கும். ஸ்டேட்டஸ் போட வசதி.

பிரஜ்னேஷ் இந்த டெம்ப்ளேட்டில் அடங்க மாட்டார். 1989 நவம்பரில் பிறந்தவர். இடது கை ஆட்டக்காரர். இருபது வயதை ஒட்டி, ஒருவன் ஜூனியரிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையும் நேரத்தில், அவருடைய முழங்கால் எலும்புகளில் விரிசல் விழுந்தது. ஒரே ஒரு நாளில் கீழே விழுந்து ஒடிந்ததல்ல. ஓடி ஓடி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் பாரம் விழுந்து வரும் விரிசல். ஓய்வு எடுத்தால் கொஞ்சம் ஆறும், ஆட ஆரம்பித்தால் மறுபடி வரும். இருபதுகளின் முதல் பாதியில் பெரும்பகுதி இப்படியே போனது. ஆடினார், நிறுத்தினார், திரும்ப வந்தார், மறுபடி நிறுத்தினார்.

அந்த வருஷங்களை நம் பாஷையில் எழுதிப் பாருங்கள். 20 வயதிலிருந்து 25 வயது வரை: கேப். பிளேஸ்மென்ட் ஃபார்மில் ஒரு கட்டம் வருமே, ‘கல்வியில் இடைவெளி உண்டா? உண்டெனில் காரணம்’ என்று. ஒரு வருஷம் இடைவெளி என்றாலே பல கம்பெனிகள் டெஸ்ட் எழுதவே விடுவதில்லை. இந்த மனிதரின் படிவத்தில் அந்தக் கட்டம் முழுக்க இடைவெளிதான்.

அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் வேறொரு பையன் டெம்ப்ளேட்டுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தி வந்தான். 2014 சென்னை ஓப்பன், முதல் சுற்று. 19 வயது ராம்குமார் ராமநாதன், அன்றைய இந்தியாவின் பெரிய பெயரான சோம்தேவ் தேவ்வர்மனைத் தோற்கடித்துவிட்டார். சென்னைப் பையன், லயோலா கல்லூரி, பார்சிலோனாவில் சான்சேஸ்–கசால் அகாடமியில் பயிற்சி, பேய் மாதிரி சர்வீஸ். 2017-இல் துருக்கியின் அந்தால்யாவில் உலகின் 8-ஆம் நிலை வீரர் டொமினிக் தீமை 6-3, 6-2 என்று நேர் செட்டில் சாய்த்தார். 2018-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஏடிபி இறுதிப் போட்டி. ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட் ஆடித் தோற்றார். அந்த மாதமே அவருடைய வாழ்நாள் சிறந்த ரேங்க்: 111.

111-க்கும் 75-க்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் நூறு பக்கம்தானே என்று தோன்றும். இங்கேதான் இந்த விளையாட்டின் குரூரமான கணக்கு இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர். அதில் 104 பேர் ரேங்க் அடிப்படையில் நேராக உள்ளே போவார்கள். 8 பேருக்கு வைல்டு கார்டு. மீதி 16 இடத்துக்குத் தகுதிச் சுற்று; ஒரு இடம் கிடைக்க மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். 104 என்ற அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் வருஷத்துக்கு நான்கு முறை முதல் சுற்றில் தோற்றாலும் ஓரளவு நிம்மதியாக வாழலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒவ்வொரு முறையும் வாசலில் க்யூவில் நிற்க வேண்டும். ராம்குமார் அந்த க்யூவில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். உலகின் 8-ஆம் நம்பரை அடித்த மனிதர், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கட்-ஆஃபில் பாயின்ட் ஃபைவில் சீட் போனவர்களுக்கு இந்த வலி புரியும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். இன்ஜினியரிங் படிக்கிறோம், எண்களைக் கண்டு பயப்படக் கூடாது. டென்னிஸின் அடிமட்டப் போட்டிக்கு எம்-15 என்று பெயர். மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156. நம் காசுக்கு 13,000 ரூபாய்க்கு மேல். ஃப்ளைட், ரூம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் அவர் கையிலிருந்து. அடுத்த வாரம் வேறு ஊர், அதே கதை. இன்னொரு பக்கம், 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மதிப்பில் 35 லட்சம் ரூபாய்க்கு மேல். இரண்டு பேரும் தோற்றவர்கள்தான், தோற்ற இடம்தான் வேறு. ஜெயிப்பதைவிட எங்கே தோற்கிறோம் என்பதுதான் டென்னிஸில் வாழ்வாதாரம் என்று நான் சொன்னால் என் ரூம்மேட்கள் சிரிக்கிறார்கள், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு விஷயம். நம் சிஜிபிஏ முதல் செமஸ்டரிலிருந்து சேர்ந்துகொண்டே வரும். முதல் வருஷம் வாங்கிய 9 கடைசி வரை நம்மைக் காப்பாற்றும். டென்னிஸ் ரேங்க் அப்படி இல்லை. கடந்த 52 வாரப் பாயின்ட் மட்டும்தான் கணக்கு. போன வருஷம் இதே வாரத்தில் வாங்கிய பாயின்ட் இந்த வாரம் கழிந்துவிடும். அதை மறுபடி சம்பாதிக்க வேண்டும். சும்மா நின்றால் கீழே போவீர்கள். காயம் பட்டுப் படுத்தால் கேட்கவே வேண்டாம். காயத்தால் வெளியே இருந்தவர்கள் திரும்பி வந்து ஆடப் பழைய ரேங்க்கை ஓரளவு பயன்படுத்த விதி உண்டு, ஆனால் அதற்குப் பழைய ரேங்க் என்று ஒன்று உருப்படியாக இருக்க வேண்டும். இருபது வயதில் காயப்பட்டவனிடம் அது ஏது?

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் பிரஜ்னேஷின் 2018 எவ்வளவு பெரியது என்று புரியும். கால் ஒருவழியாக ஒத்துழைக்க ஆரம்பித்திருந்தது. ஜெர்மனியில் அலெக்சாண்டர் வாஸ்கேயின் அகாடமியில் பயிற்சி. வருஷத் தொடக்கத்தில் ரேங்க் 200-க்கு வெளியே. வயது 28. ஐ.டி.யில் அந்த வயசில் டீம் லீட் ஆகியிருப்பார்கள்.

ஏப்ரலில் சீனாவின் தியான்ஜினில் டேவிஸ் கோப்பை. முதல் நாள் முடிவில் இந்தியா 0-2. அங்கிருந்து 2-2 ஆகி, ஐந்தாவது ஆட்டத்தில் எல்லாம் தீர்மானமாக வேண்டும். எதிரே வூ யிபிங், அதற்கு முந்தைய வருஷம் யுஎஸ் ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்ற பையன், சொந்த ஊர்க் கூட்டம் அவன் பக்கம். டெம்ப்ளேட் பையனும் கேப் விழுந்த மனிதரும் நேருக்கு நேர். பிரஜ்னேஷ் 6-4, 6-2. இந்தியா 3-2. அதே மாதக் கடைசியில் அன்னிங் என்ற சீன ஊரில் முதல் சேலஞ்சர் பட்டம். ஜூனில் ஸ்டுட்கார்ட்டில் புல் தரையில், உலகின் முதல் 25-க்குள் இருந்த ஷபோவலோவைத் தோற்கடித்தார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர் பட்டம். அடுத்த ஜனவரியில் மெல்பர்னில் மூன்று தகுதிச் சுற்றையும் ஜெயித்து, முதல் முறையாக ஒரு கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்று. தியாஃபோவிடம் தோல்வி, பரவாயில்லை.

பிப்ரவரியில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஏடிபி போட்டி புனேவுக்குப் போய்விட்டிருந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு சேலஞ்சர் மட்டும் நடந்தது. நடாலும் இல்லை, வாவ்ரிங்காவும் இல்லை, ஸ்பான்சர் கூட்டமும் இல்லை. பிரஜ்னேஷ் அதில் அரையிறுதி வரை வந்தார். திங்கட்கிழமை புதிய பட்டியல் வந்தபோது ரேங்க் 97. முதல் முறையாக நூறுக்குள். கடைசிப் படி ஏறியது சொந்த ஊரில், நம் ஸ்டேடியத்தில். அன்றைக்கு அந்த ஏரியாவில் டிராஃபிக் ஜாம் எதுவும் ஆனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் பசிலாஷ்விலியை வீழ்த்தி மூன்றாவது சுற்று. ஏப்ரலில் 75. அந்த வருஷம் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் இது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும். விம்பிள்டனில் ரயோனிச், யுஎஸ் ஓப்பனில் அந்த முறை இறுதி வரை போன மெத்வடேவ் என்று டிராவும் கருணை காட்டவில்லை. பிறகு மறுபடி காயங்கள், 2024 நவம்பரில் ஓய்வு. “நாலுலயும் முதல் ரவுண்டா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், ஆனால் நாலுலயும் உள்ளே இருந்தார். நூற்று நாற்பது கோடி பேரில் அன்று ஒற்றையரில் அதைச் செய்ய முடிந்தவர்களை விரல் விட்டு எண்ண வேண்டும், ஒரு கையே அதிகம்.

இப்போது உங்களுக்கு ஒரு எதிர்வாதம் தோன்றியிருக்கும். “இதெல்லாம் பணக்காரங்க கேம்டா. அஞ்சு வருஷம் சும்மா இருந்தாலும் வீட்ல சோறு போடுவாங்க. நமக்கு லோன் இருக்கு.” சரியான வாதம்தான், அதை மறுக்கப் போவதில்லை. மூன்று பந்து அடங்கிய ஒரு டப்பா சில நூறு ரூபாய், ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் அது வாரக்கணக்கில்கூட வராது. வருமானமே இல்லாமல் ஐந்து வருஷம் ஒரு பையனைத் தாங்க ஒரு வீட்டால் முடிய வேண்டும். முடியாத வீடுகளிலிருந்து வந்து, முழங்கால் போய், இருபத்திரண்டு வயதில் ராக்கெட்டை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? சென்னை டென்னிஸின் பழைய கதைகளும் இதைத்தான் சொல்கின்றன. ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பாவே பயிற்சியாளர். சின்ன வயதில் ஓயாமல் நோயில் கிடந்த விஜய் அமிர்தராஜை, தொழிலையும் நடத்திக்கொண்டு கோர்ட்டுக்கு அனுப்பி வளர்த்தவர் அவருடைய அம்மா. தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்த இடங்களில்தான் பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் அந்தக் கை வீட்டிலிருந்துதான் வர வேண்டுமா? என் கட்டுரையின் சண்டையே இங்கேதான். அது கல்லூரியிலிருந்தும் வரலாம். வந்திருக்கிறது. நம் கல்லூரிகளிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

சோம்தேவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வளர்ந்தவர். பள்ளி முடித்ததும் நேராகத் தொழில்முறைக்குப் போகாமல், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். நான்கு வருஷம் சமூகவியல் படித்தார், கல்லூரி அணிக்கு ஆடினார். 2007, 2008 இரண்டு வருஷமும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ ஒற்றையர் சாம்பியன். 2007 இறுதியில் அவர் தோற்கடித்தது ஜான் இஸ்னரை, பின்னாளில் உலகின் 8-ஆம் இடம் வரை போனவர். டிகிரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2009 ஜனவரியில் சென்னை ஓப்பனுக்கு வைல்டு கார்டில் வந்தார். முன்னாள் உலக நம்பர் ஒன் மோயாவை வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போய் சிலிச்சிடம் தோற்றார். 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம், இரட்டையர் தங்கம். 2011-இல் ரேங்க் 62. 19 முதல் 23 வயது வரை அவர் எங்கே இருந்தார்? காலேஜில். ஹாஸ்டல், அசைன்மென்ட், பரீட்சை எல்லாவற்றோடும்.

பழைய கதை என்று விட்டுவிட வேண்டாம். மதுரைக்காரர் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ். வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 2025-இல் அந்த அணி என்சிஏஏ சாம்பியன் ஆனது. அதே வருஷம் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பை. அவருக்கு அதுதான் அறிமுகப் போட்டி, ரேங்க் 600-க்கு வெளியே. உள்ளூர்ப் பையன் ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என்று அடித்தார். இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய அணி ஒன்றை அதன் மண்ணிலேயே இந்தியா ஜெயித்தது 1993-க்குப் பிறகு அன்றுதான். மதுரையில் பிறந்தவரை அந்த இடம் வரை கொண்டுவந்த கல்லூரி அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? காகிதத்தில் நிறைய இருக்கிறது. கவுன்சிலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அளவில், தேசிய அளவில் ஆடிய சர்டிபிகேட்டோடு வருபவர்களுக்கு சீட் தருகிறோம். சீட் தந்த மறுநாளிலிருந்து அவர்களை மறந்துவிடுகிறோம். என் வகுப்பில் அப்படி டென்னிஸ் ஆடி வந்த ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. முதல் செமஸ்டரில் காலையில் ஐந்தரைக்கு எழுந்து வெளியே ஒரு கோர்ட்டுக்குப் போய் ஆடிவிட்டு ஒன்பது மணி கிளாஸுக்கு ஓடி வருவான், தலை ஈரம்கூடக் காய்ந்திருக்காது. ஒரு போட்டிக்குப் போக ஓ.டி. கேட்டால் கிளாஸ் அட்வைசர், ஹெச்.ஓ.டி., பி.டி. சார் என்று மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து கிடைப்பதற்குள் முதல் சுற்று முடிந்திருக்கும். ஒருமுறை ஜெயித்துக்கொண்டே போனதால் இரண்டு நாள் கூடுதலாக ஆகிவிட்டது. இன்டர்னல் டெஸ்ட் போச்சு. “தோத்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன்டா” என்றான் சிரித்துக்கொண்டே. அந்தத் தேர்வுக்கு மறு தேர்வு வைக்கவில்லை. மூன்றாவது செமஸ்டரிலிருந்து அவன் ஆடுவதில்லை. இப்போது நல்ல சிஜிபிஏ. பிளேஸ்மென்ட்டும் கிடைத்துவிடும். அவன் ராக்கெட் பை ஹாஸ்டல் அலமாரி மேலே, எங்கள் டிராஃப்டர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். பாருங்கள், மறுபடி அதே எண். விளையாட்டுக்காகப் போனால் 65 வரை இறங்க விதியிலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த விதி ஒரு சலுகை மாதிரி, கெஞ்சிக் கேட்டு வாங்கும் விஷயம் மாதிரி ஆகிவிட்டது. ஆடப் போனவன் பாடத்தைத் தவறவிட்டான் என்றுதான் பதிவேடு சொல்கிறது. பாடத்தை அவனுக்கு மறுபடி எப்படிக் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. கொரோனா சமயத்தில் மொத்தக் கல்லூரியையும் இரண்டு வாரத்தில் ஆன்லைனுக்கு மாற்றத் தெரிந்தவர்கள், ஆட்டத்துக்குப் போன நான்கு பேருக்கு ரெக்கார்டிங் அனுப்ப முடியாதா?

நாம் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. சிம்போசியத்துக்கு வாலன்டியர் ஓ.டி. என்றால் ஐம்பது பேர் பெயர் கொடுப்போம். நம் கல்லூரி அணி மண்டலப் போட்டி ஆடினால் பார்க்கப் போவது யார்? தோற்று வந்தால் “என்னடா, முதல் ரவுண்டா?” என்று கேட்பது யார்? பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 1998-இல் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலிய ஓப்பன் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அதற்கு முன் இந்த நவீன காலத்தில் எந்த இந்தியப் பெண்ணும் செய்யாதது. சானியா மிர்சாவுக்கு முந்தைய கதை அது. நம் ஹாஸ்டலில் பெண்களுக்கு மாலை கேட் மூடும் நேரமும் மைதானம் கொஞ்சம் குளிரும் நேரமும் ஒன்று. அவர்கள் எப்போது ஆடுவார்கள்?

எல்லோரும் பிரஜ்னேஷ் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ராம்குமாரே அதற்குச் சாட்சி. ஆனால் ராம்குமார் கதையின் அடுத்த பகுதியையும் கேளுங்கள். சேலஞ்சர் இறுதிப் போட்டிகளில் ஆறு முறை தோற்ற பிறகு, 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் முதல் சேலஞ்சர் பட்டம் வென்றார். 27 வயது. 2022-இல் ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து அடிலெய்டிலும் புனேவிலும் இரட்டையர் ஏடிபி பட்டங்கள். 19 வயதில் கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தவர், தாமதமாக ஆரம்பித்தவர், கல்லூரி வழியாக வந்தவர், மூன்று பேருக்கும் தேவைப்பட்டது ஒரே பொருள்: தோற்றுவிட்டுத் திரும்பி வர ஒரு இடம்.

அதைக் கேட்டுத்தான் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கோர்ட் கட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, பார்க்கிங்குக்கே இடமில்லாத கேம்பஸ் என்று தெரியும். ஒன்று, ஓ.டி.க்கு ஒரே கையெழுத்து, அதுவும் மெயிலில். இரண்டு, போட்டியால் இன்டர்னல் தவறினால் பத்து நாளுக்குள் மறு தேர்வு, தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் ஒரே விதி. மூன்று, ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு செமஸ்டரின் பாடங்களை இரண்டு செமஸ்டரில் பிரித்து எழுத அனுமதி. இதற்குப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியிருக்கலாம், போவோம். நான்கு, பெண்கள் ஹாஸ்டலில் அணியில் இருப்பவர்களுக்கு கேட் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பு. நான்காவதை எழுதச் சொன்னது இரண்டாமாண்டு வாலிபால் பெண்கள். அவர்கள் அதைத்தான் முதலில் போடச் சொன்னார்கள், வரிசை மாற்ற நேரமில்லை.

மனுவின் ஒரு பிரதி மெஸ் வாசலில் நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, கயிற்றில் பேனாவும் கட்டியிருக்கிறோம். பேனாவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஏற்கனவே இரண்டு போய்விட்டது. முதல் பக்கம் நிறைந்துவிட்டது, இரண்டாவது பக்கம் காலியாக இருக்கிறது. அந்த முதல் பக்கத்தில், மேலிருந்து மூன்றாவது கையெழுத்து அலமாரி மேல் ராக்கெட் வைத்திருப்பவனுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல்வர் அறைக்குக் கொண்டுபோகிறோம்.